பதினாறு துண்டுக் கும்மட்டம்

என் சகலை தட்டையாக எதையும் தைத்ததில்லை. தலையணை உறை, ஜன்னல் திரை, மேசை விரிப்பு என்று மெஷினில் நேராக ஓட்டி எடுக்கக்கூடிய எதைக் கேட்டாலும் அவர் முகம் சுருங்கிவிடும். “அது நேரா போற தையல், சகலை. அதை ரயிலே தைக்கும்” என்பார். முப்பத்தாறு வருடம் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் இருந்தவர் என்பதால் அதை ஒரு வசவாகவே சொன்னார் என்று நினைக்கிறேன்.

அவர் தைத்ததெல்லாம் கும்மட்டம்தான். துணியைப் பூவிதழ் மாதிரி வெட்டுவார். கீழே அகலம், மேலே கூர், இரண்டு பக்கமும் லேசாக வயிறு. இதழோடு இதழ் சேர்த்துத் தைத்துக்கொண்டே போய்க் கடைசியில் எல்லாக் கூர்முனைகளையும் ஒரு புள்ளியில் கூட்டுவார். மெஷினிலிருந்து எடுத்து உதறினால் கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி நிற்கும். நிற்கும்போது அவர் அதை ஒரு தட்டுத் தட்டி, “பாருங்க, தூணே இல்ல!” என்பார். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார். டீ கெட்டிலுக்குப் போடுகிற உறைக்கு யாரும் தூண் எதிர்பார்ப்பதில்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

அவர் மனைவி என் மனைவிக்கு மூத்தவள். நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். தையல் மெஷின் அக்காவுடையது, கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது. அக்கா அதில் ரவிக்கையும் பாவாடையும் தைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். ஒரு மழைக்காலத்தில் சகலைக்குக் கால் பிசகி வீட்டில் உட்கார நேர்ந்தது. பொழுது போகாமல் ஒரு கிழிந்த குடையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். எட்டு முக்கோணத் துணி. தட்டையான எட்டுத் துணி சேர்ந்து எப்படி வளைந்தது என்ற ஆச்சரியம் அவரை விடவே இல்லை. கால் சரியான பிறகும் மெஷினை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. அக்கா அதற்குப் பிறகு ரவிக்கையைக் கடையில் கொடுத்துத்தான் தைத்துக்கொண்டாள்.

முதலில் தைத்தது கெட்டில் உறை. கெட்டிலுக்கு இரண்டு மடங்கு பெரிதாக வந்தது. நான் காரணத்தைச் சொன்னேன். துண்டுக்கு இரண்டு ஓரம், ஓரத்துக்கு அரை அங்குலம் தையலுக்கு விட வேண்டும். அதை இவர் வெட்டும்போது ஒருமுறை விட்டு, மறந்துபோய் இன்னொரு முறையும் விட்டிருக்கிறார். எட்டுத் துண்டு என்றால் எட்டு அங்குலம் கூடும். எளிய பெருக்கல்.

“ஹவ், சரியான கணக்கு” என்றார் சகலை. எங்கள் ஊர் உருது அவர் பேச்சில் கலந்தே வரும்: ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. “ஆனா தைச்சாச்சு.”

“பிரிச்சிடலாமே.”

“நக்கோ. கைக்குப் பிரிக்கணும்? துணி மேல தப்பில்ல. கெட்டில்தான் சின்னது.”

அடுத்த வாரம் மோண்டா மார்க்கெட்டில் பெரிய கெட்டில் வாங்கி வந்துவிட்டார். பன்னிரண்டு பேர் குடிக்கலாம். வீட்டில் இருந்தது மூன்று பேர். அவ்வளவு டீயை என்ன செய்வது என்று தெரியாமல் அக்கா எங்களைச் சாயங்காலம் வரச்சொன்னாள். மல்காஜ்கிரியிலிருந்து மெட்டுகுடாவுக்கு நாங்கள் வாராவாரம் போகத் தொடங்கியது அப்படித்தான். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் இருந்த பாசத்துக்கு அந்தத் தவறான எட்டு அங்குலம்தான் அஸ்திவாரம்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான். தைத்ததை அவர் ஒரு நாளும் பிரித்ததில்லை. உறை பொருந்தவில்லை என்றால் உள்ளே இருப்பதை மாற்றுவார். மிக்ஸிக்குத் தைத்தது உயரம் போதாமல் போனபோது, மிக்ஸியின் ஜாரைக் கழற்றித் தனியாக வைத்து அதற்கு இன்னொரு கும்மட்டம் தைத்தார். ஒருமுறை டீ குடித்தபடி அந்த வீட்டுக் கூடத்தை எண்ணினேன். கும்மட்டம் போட்ட பொருள் இருபத்து மூன்று. போடாதவை சகலை, அக்கா, சுவர்க் கடிகாரம். அடுத்த வாரம் போனபோது கடிகாரத்துக்கும் வந்திருந்தது. மணி பார்க்க வேண்டுமானால் ஸ்டூல் போட்டு ஏறித் தூக்கிப் பார்க்க வேண்டும்.

“தூசி படியாது” என்றார்.

“மணியும் தெரியாது.”

“உங்களுக்கு எதுக்கு மணி? நீங்கதான் மனசுக்குள்ளயே எண்ணிட்டு இருக்கீங்களே.”

எனக்கும் ஒரு கொசுவலை தைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல என் மனைவி விடவில்லை. பன்னிரண்டு துண்டு. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இந்த முறை தையலுக்கென்று ஓரமே விடவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான், ஒருமுறை இரண்டு தடவை விடுவார், மறுமுறை அடியோடு மறப்பார். வலைக்குள் படுத்தால் என் இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே வெளியே இருந்தன. கொசுக்கள் அங்கே வரிசையில் நின்றன.

போன் செய்து சொன்னேன்.

“கைக்கு நீட்டிப் படுக்குறீங்க?” என்றார். “மடக்கிப் படுங்க. குழந்தையெல்லாம் வயித்துக்குள்ள மடக்கித்தான படுத்திருக்கு?”

பத்து நாள் மடக்கிப் படுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கு அவர் வட்டமான கட்டில் ஒன்று செய்யச் சொன்னார்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்ள எங்களால் முடிந்தது. முடியாமல் போனது அவருடைய ஒரே மகளுக்குத்தான். ஐந்தாம் வகுப்பில் பள்ளி ஆண்டுவிழாவில் அவளுக்குக் காளான் வேஷம். தலைக்குக் காளான் குடை செய்ய வேண்டும். வேறு வீடாக இருந்தால் அட்டையை வெட்டி ஒட்டி அனுப்பியிருப்பார்கள். சகலை ஒரு வாரம் லீவு போட்டார். சிவப்பு சாட்டின் துணியில் வெள்ளைப் புள்ளி. போட்டுப் பார்க்க நேரமில்லாமல் மேடைக்குப் பின்னால்தான் தலையில் மாட்டினார்கள். அது தோள்வரை இறங்கிவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்ற ஆறு காளான்கள் இடது பக்கம் போக, இவள் மட்டும் நேராக நடந்து மேடையின் விளிம்பைத் தாண்டி, முதல் வரிசையில் இருந்த தலைமையாசிரியையின் மடியில் போய் விழுந்தாள். அரங்கம் கைதட்டியது. அது நாடகத்திலேயே இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், “டாடி, இனிமே எனக்கு எதுவும் தைக்காதீங்க” என்றாள். அதன் பிறகு மழைக்குத் தொப்பி என்றாலும் சரி, ஸ்கூட்டியின் விளக்குக்கு மூடி என்றாலும் சரி, அவளிடமிருந்து வந்த பதில் ஒரே சொல்தான். தெலுங்கில் ‘வத்து’ என்பாள். வேண்டாம். சகலை தலையாட்டிக்கொண்டு போய் அதை வேறு எதற்காவது கவிழ்த்துவிடுவார்.

அவள் வளர்ந்து, ஹைடெக் சிட்டி பக்கம் வேலைக்குப் போய், கூட வேலை செய்த சேலத்துப் பையனையே கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னாள். நல்ல பையன். ஆறடி இரண்டு அங்குலம். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு சகலை தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் எங்கள் வீட்டுப் பொருள்களை மேலும் கீழும் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை.

“அவளுக்கு நான் ஒண்ணு தைக்கணும், சகலை.”

“என்ன?”

“மணமேடைக்கு மேல கும்மட்டம். பதினாறு துண்டு. அவ கல்யாணத்துல என் கையால ஒண்ணாவது இருக்கணும். சமையலுக்கு ஆளு, பூவுக்கு ஆளு, ஃபோட்டோவுக்கு மூணு ஆளு. நான் என்ன, வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்றதுக்கா?”

“அவளைக் கேட்டீங்களா?”

“கேட்டா வத்துன்னுதான் சொல்வா. நீங்க கேளுங்க. நீங்க பேசினா கணக்கு மாதிரி இருக்கும்.”

கேட்டேன். அவள் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். “சித்தப்பா, அந்த ஒரு நாள் மட்டும் நான் கண்ணு தெரிஞ்சு நடக்கணும். ப்ளீஸ். ஒரு தையல்கூட வேண்டாம்.”

இதை நான் அவரிடம் அப்படியே சொல்லவில்லை, மேடை அலங்காரத்துக்கு ஏற்கெனவே ஆளைப் பேசிவிட்டார்களாம் என்றேன். “ஹவ்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டீ குடிக்கவில்லை.

கல்யாணம் மல்காஜ்கிரியில், ஒரு மண்டபத்தின் தோட்டத்தில். காலையில் போய் மேடையைப் பார்த்தேன். நான்கு தூண் இருந்தது, தூண்களின் மேல் இரும்பு வளையம் இருந்தது, வளையத்துக்கு மேல் வர வேண்டிய பூக்கூரை இல்லை. அலங்காரக்காரர் போனை எடுத்து, வண்டி போவன்பள்ளி காய்கறி லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது, இதோ வருகிறது என்றார். ஒரு மணி நேரம் கழித்தும் அதையே சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா, சேலத்து அம்மாள், அண்ணாந்து பார்த்துவிட்டு, “மேல வெறும் கம்பியா இருக்குதுங்களே?” என்றார். கண்ணியமாகத்தான் கேட்டார். ஆனால் நான்கு பேரிடம் நான்கு முறை கேட்டார்.

அக்கா என் காதில், “அவர் கார் டிக்கியில வெச்சிருக்கார்” என்றாள்.

எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. மகளிடம் யார் சொல்வது என்பதுதான் கேள்வி. சகலையே போனார். மகள் அலங்காரம் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கதவருகே நின்று, உள்ளே போகாமல், “வளையம் சும்மா இருக்கும்மா” என்றார்.

அவள் கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தாள். “அளந்தீங்களா டாடி?”

“அளந்தேன்.”

“சித்தப்பா பார்த்தாரா?”

“பார்ப்பார்.”

“சரி” என்றாள். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள்.

பையிலிருந்து எடுத்து உதறியபோது நானே வாயைப் பிளந்தேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பதினாறு இதழ். ஒரு சுருக்கம் இல்லை. கீழ்விளிம்பைச் சுற்றி மடிப்பு தைத்து அதில் நாடா கோர்த்திருந்தார். மங்கல காரியம் என்று அந்த நாடாவை மஞ்சளில் நனைத்துக் காயவைத்திருந்தார். வளையத்தின் மேல் ஏற்றினோம். உள்ளே விழுந்துவிட்டது.

துண்டுக்கு இரண்டு ஓரம், பதினாறு துண்டு. இந்த முறை ஓரம் விட மறந்திருக்கிறார். சுற்றளவில் பதினாறு அங்குலம் குறைவு.

“சொல்லாதீங்க” என்றார் சகலை. “தைச்சாச்சு. வளையம் பெருசா இருக்கு, அவ்வளவுதான்.”

அவருக்கு உடனே ஒரு வழி தோன்றியது. மேலே பந்தலின் குறுக்குக் கம்பியில் கயிறு போட்டு, கும்மட்டத்தின் உச்சியைக் கட்டித் தூக்கினால் அது வளையத்துக்கு உள்ளே குடை மாதிரி தொங்கும். தொங்கவும் தொங்கியது. கயிற்றின் மறுமுனையை யாரை நம்பிக் கொடுப்பது? யாரையும் நம்பாமல் தானே பிடித்துக்கொண்டு, மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றார். தூணில் கட்டலாமே என்றேன். தூண் ஆடுகிறது என்றார். ஆடத்தான் செய்தது. அதனால் அந்தத் தூணை நான் உள்பக்கமாக நின்று பிடித்துக்கொண்டேன். ஓமகுண்டத்தை மட்டும் இரண்டு அடி தள்ளிவைக்கச் சொன்னேன். புரோகிதர் முறைத்தார், ஆனால் தள்ளினார்.

இருந்தது ஒரே ஒரு கயிறு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அட்சதையைத் தூவினார்கள். சகலையின் ஒரு கையில் அட்சதை, மறு கையில் கயிறு. பெற்ற தகப்பன், மனம் நிறைந்து, இரண்டு கையையும் விரித்துத் தூவினார்.

கோழிகள் மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்த மாதிரி எங்கள் நான்கு பேர் மேலும் அது இறங்கியது.

நானும் சகலையும் நின்றுகொண்டிருந்ததால் துணி எங்கள் தலையில் தங்கியது. உட்கார்ந்திருந்த மணமக்களுக்குத் தோள்வரை மறைந்தது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு நான்கு உடம்பு தெரிந்தது, தலை ஒன்றுகூடத் தெரியவில்லை. மேளக்காரர்கள் நிறுத்தவில்லை. அவர்களுக்குச் சம்பளம் வாசிப்பதற்கு. புரோகிதர், “முகூர்த்தம் முடியறது, முடிச்சைப் போடுங்கோ, முடிச்சைப் போடுங்கோ!” என்று கத்தினார்.

சேலத்து வழக்கப்படி முதல் முடிச்சை மாப்பிள்ளை போட வேண்டும், மற்ற இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற நாத்தனார் போட வேண்டும். உள்ளே மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டார். ஒன்று என்று எண்ணிக்கொண்டேன். பின்பக்கம் துணியின் விளிம்புக்கடியில் ஒரு கை நுழைந்தது. மருதாணி போட்ட கை. நாத்தனார்தான். கை துழாவியது. பெண்ணின் பிடரிக்குப் பக்கத்தில் மஞ்சளாக இரண்டு முனை தொங்குவதைக் கண்டுபிடித்தது. மாலையோடு சேர்த்து இழுத்து, இறுக்கமாக ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொன்று. வெளியே பெண்கள் குலவையிட்டார்கள்.

உள்ளே மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். “அங்கிள், தாலிச் சரடோட ரெண்டு முனையும் இன்னும் என் கையிலதான் இருக்கு.”

மூன்று பேரும் பார்த்தோம். அந்தப் பெண் முடிச்சுப் போட்டது சகலையின் நாடாவில்.

சகலையின் முகம் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதும் தெரியும். ஐந்தாம் வகுப்புக் காளானுக்குக்கூட அவர் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கப் போகிறார் என்று உதட்டிலேயே தெரிந்தது. “அம்மாடி, நான்...” என்று ஆரம்பித்தார்.

“நானே மீதியையும் போட்டுடவா?” என்றார் மாப்பிள்ளை.

“வத்து” என்றாள் பெண். “நீங்க போட்டதே லூஸா இருக்கு. டாடி, நீங்க போடுங்க. நீங்க போட்டா பிரியாது.”

சகலை நாடாவில் விழுந்த முடிச்சையே பார்த்தார்.

“டாடி. முகூர்த்தம்.”

அவர் என்னைப் பார்த்தார். “சகலை, எண்ணுங்க” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

குனிந்து, சரடின் முனைகளை வாங்கி, கும்மட்டத்தின் உச்சியில் பதினாறு நூலையும் சேர்த்துப் போடுவாரே, அதே முடிச்சைப் போட்டார். இரண்டு என்றேன். அதன் மேல் இன்னொன்று. மூன்று என்றேன். சரடை ஒருமுறை இழுத்துப் பார்த்தார், முடிச்சு நகரவில்லை.

துணியைத் தூக்கப் பார்த்தோம். பெண்ணின் மாலையும் கூடவே எழுந்தது. நாத்தனார் அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாள். சகலை இடுப்பிலிருந்து நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். அது எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். தைத்த ஒன்றின் மேல் அது பட்டு நான் பார்த்ததில்லை. நாடாவை ஒரே வெட்டாக வெட்டினார். முடிச்சு விழுந்த துண்டைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தோம். எல்லோர் தலைமுடியிலும் சிவப்பு நூல். சேலத்து அம்மாள் முன்னால் வந்து, முடிச்சுப் போட்ட தன் மகளை அணைத்துக்கொண்டு, சம்பந்தியைப் பார்த்தார். “எல்லாம் முறையா நடந்துச்சுங்களா? மூணு முடிச்சும் விழுந்துச்சுங்களா?”

சகலை சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். மாப்பிள்ளை தன் உயரத்தைக் குறைக்கப் பார்த்தார். பெண்தான், “சித்தப்பாவைக் கேளுங்க அத்தை. அவர் எல்லாத்தையும் எண்ணுவார்” என்றாள்.

கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. நான் எண்ணியது ஐந்து. தாலியில் மூன்று, நாடாவில் இரண்டு. யார் யார் எதில் எந்த வரிசையில் போட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கேட்டால் எல்லாவற்றையும் சொல்வதுதான் என் வழக்கம், அதனால்தான் பலர் என்னிடம் கேட்பதில்லை.

“தாலியில் மூணு” என்றேன். “நானே எண்ணினேன்.”

அந்த அம்மாள் எண்ணிக்கையைத்தான் கேட்டார்.

சகலை போய் நான்கு வருடம் ஆகிறது. நாத்தனார் இன்றும் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், கண் தெரியாமல் தடவியே இரண்டு முடிச்சுப் போட்ட கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். நான் நல்லபடியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பையனுக்கு நான்கு வயது, இப்போதே நல்ல உயரம். கூடத்தின் நடுவில் அந்தக் கும்மட்டம் கொக்கியிலிருந்து தொங்குகிறது. அதுதான் அவனுடைய வீடு. உள்ளே வந்தால்தான் ஆச்சு என்று என்னைப் பிடித்து இழுத்தான். முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி உட்கார்ந்தேன். பழைய கொசுவலை ஞாபகம் வந்தது. பதினாறு துண்டும் இருந்தன. ஒரு தையல் விட்டிருக்கவில்லை.

“இன்னும் ஒரு வருஷத்துல இவனுக்கே இது பத்தாதும்மா” என்று உள்ளிருந்தே சொன்னேன். “பிரிச்சு, நடுவுல ரெண்டு துண்டு சேர்த்தா போதும். கணக்கு நான் போட்டுத் தரேன்.”

“நக்கோ சித்தப்பா” என்றாள் அவள் சமையலறையிலிருந்து. “தைச்சாச்சு. அவன் குனிஞ்சுக்கட்டும்.”